எல்லோருக்கும் பதில்

ஜெர்லினுக்குக் கந்தப்பன் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "கம்ப்யூட்டர் புள்ளைங்க" என்பார் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். "மெயில் சாமி" என்பார்கள் ராஜஸ்தானில் பாறையைக் குடைந்துகொண்டிருக்கும் ரிக் ஆட்கள். சேலத்தில் அவளுடைய அம்மா இசபெல்லாவிடம் கோயில் பெண்கள் யாராவது கேட்டால், "நாள் முழுக்க ஏசி ரூம்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பெருமையாக முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். அதற்குமேல் அம்மாவுக்கும் தெரியாது.

நான் சொல்கிறேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் கம்பெனி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளை நாடு முழுக்க அனுப்புகிறது. அங்கே யாருக்கெல்லாம் மெயில் கணக்கு உண்டோ அத்தனை பேருடைய கணக்கையும் திறப்பவள், பூட்டுபவள், மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றித் தருபவள், போகாத மெயிலைப் போகவைப்பவள், வராத மெயில் எந்தச் சந்தில் சிக்கிக் கிடக்கிறது என்று தேடிப் பிடிப்பவள் ஜெர்லின். பேர் என்னவோ சிஸ்டம் அட்மின். செய்வது போஸ்ட்மாஸ்டர், பூட்டுக்காரர், பஞ்சாயத்துத் தலைவர் மூன்று பேருடைய வேலையும்.

முதலாளி கந்தப்பனுக்கு எதுவும் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்தக் கிணறு, சொந்த ரிக், சொந்த வெல்டிங் பட்டறை. ஊரெல்லாம் மெயிலுக்கு வெளிக் கம்பெனியில் இடம் பிடித்துக்கொண்டபோது அவர் மட்டும், "நம்ம தபாலை எதுக்குச் சாமி ஊரான் ஊட்டுப் பொட்டியில போடோணும்?" என்று கேட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு சர்வரே வாங்கிப் போட்டார். கம்ப்ரஸர் சாமான்கள் கிடந்த அறையை ஒழித்து, ஏசி மாட்டி, அதற்குள் சர்வரைக் குடியேற்றினார்கள். அலுவலகத்திலேயே குளுகுளுவென்று இருக்கும் ஒரே அறை அதுதான் என்பதால், சாப்பாட்டு வேளைக்கு முன் ஊழியர்களின் தயிர்த் தூக்குகள் சர்வர் அலமாரியின் கீழ்த்தட்டில் வரிசையாக வந்து உட்காரும். வெள்ளிக்கிழமைகளில் மல்லிகைப் பூவும் வரும். ஜெர்லின் எத்தனையோ தடவை சண்டை போட்டாள். கடைசியில் அவளுடைய தயிரும் அங்கேயே புளிக்காமல் இருந்ததால் சண்டை நின்றது.

ஆயுத பூஜை அன்று கந்தப்பன் சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அதன் மண்டையிலேயே எலுமிச்சம்பழம் பிழியப் போனார்.

"ஐயா, சாறு உள்ள போச்சுன்னா எல்லாம் போச்சுங்க!" என்று அலறினாள் ஜெர்லின். பழத்தை வாசற்படியில் நசுக்கினார்கள். ஆனால் அன்றைக்கு ரிக்குகளையெல்லாம் மாலையும் கழுத்துமாக நிறுத்தி எடுத்த படத்திலிருந்து மட்டும் யாரும் தப்பிக்க முடியவில்லை. கம்பெனியிலிருந்து போகும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அந்தப் படம் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

"படம் ரொம்பப் பெருசுங்கய்யா. கொஞ்சம் சின்னதாக்கட்டுங்களா?"

"ரிக்கைச் சின்னதாக்கறதா? என்ற உசிரைச் சின்னதாக்கு, போ."

இந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலைக்கு ஆகும்.

பாஸ்வேர்டு சமாச்சாரம் இன்னொரு கூத்து. தீர்த்தகிரி என்று ஒரு ரிக் சூப்பர்வைசர். ராஜஸ்தான் பக்கம் கேம்ப். தங்கமான மனுஷர். ஆனால் பாஸ்வேர்டு மட்டும் அவர் தலையில் ஒரு ராத்திரிகூடத் தங்காது. அடிக்கடி போன் போட்டுக் கேட்பதற்கு அவருக்கே கூச்சம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஊருக்கு வந்தபோது பெயிண்டரைக் கூப்பிட்டு, ரிக் கதவில் 'தாய் தந்தை ஆசி'க்குக் கீழே, இரண்டு பக்கமும் ரோஜாப்பூ போட்டு, பாஸ்வேர்டை எழுதி வாங்கிவிட்டார். அந்த லாரி நாமக்கல்லிலிருந்து ஜோத்பூர் வரைக்கும் எல்லா டோல்கேட்டிலும் பாஸ்வேர்டைக் காட்டிக்கொண்டே போயிருக்கிறது. விஷயம் தெரிந்த அன்று ஜெர்லின் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு மாற்றினாள்.

"மாத்துங்க, வேண்டாங்கலை. புதுசையும் அதே நீளத்துக்கு வெச்சீங்கன்னா பெயிண்டருக்குச் சுளுவா இருக்குமுங்க" என்றார் தீர்த்தகிரி.

போனில் பேசுகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று உறுதி செய்யப் பிறந்த தேதியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பாதிப்பேருக்கு. அவர்கள் எல்லோரும் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள். அதனால் ஜெர்லின், "உங்க கேம்ப்புல சமையல் யாருங்க? போன வாரம் எதுக்கு அவர்கிட்டச் சண்டை போட்டீங்க?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்ல எந்த ரிக் ஆளாலும் முடியாது. குழம்பில் உப்பு, புளி, எண்ணெய் என்று கால் மணி நேரம் ஓடும்.

வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை மூடுவதுதான் உலக வழக்கம். இங்கே அதற்கும் வழியில்லை. ரிக் ஆட்கள் கோபித்துக்கொண்டு போவார்கள், ஆடி போனால் திரும்பி வருவார்கள். "குமரன் கணக்கை அழிச்சிரட்டுங்களாய்யா?" என்று அவள் ஒருமுறை கேட்டதற்குக் கந்தப்பன் பதறிப்போனார். "ஏஞ்சாமி, அவன் கோவிச்சுட்டுத்தானே போயிருக்கான்? செத்தா போயிட்டான்?" ஆகவே ஜெர்லின் சர்வரில் தனியாக ஒரு பிரிவே ஏற்படுத்தினாள். அதற்கு 'கோவிச்சுட்டுப் போனவங்க' என்றே பெயர். அதில் இருப்பவர்களுக்கு யார் மெயில் போட்டாலும், 'நான் இப்போது கம்பெனியில் இல்லை. அவசரத்துக்கு ஆபீசைக் கேட்கவும்' என்று சர்வரே பதில் அனுப்பிவிடும். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கென்று ஒரே ஒரு சட்டம் இருந்தது. யாருடைய மெயிலையும் திறந்து படிக்கக் கூடாது. யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு பெரிசு, எங்கே நிற்கிறது, இவ்வளவு பார்த்தால் போதும். அவளுடைய அப்பா சவரியார், சர்ச் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் நடக்கும்போது, அவரவர் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் அந்த நேரத்தில், காதுக்கு எட்டாத தூரமாகப் பார்த்து நின்றுகொள்வார். ஜெர்லினும் மெயில் விஷயத்தில் அப்படித்தான் தள்ளி நின்றாள். படிக்க நினைத்தால் ஒரு வரி தட்டினால் போதும், யாருக்கும் தெரியவும் தெரியாது. அவள் தட்டியதே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஜெனிஷ், மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை. நல்ல பையன், சிரித்த முகம், ஒரு குறையும் இல்லை, ஊர் மேட்டூர் என்பதைத் தவிர. சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குத் தினமும் பஸ் ஏறி வருகிறவள் மேட்டூரிலிருந்து எப்படி வருவாள்? ஜெர்லின் ஜெனிஷிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள், வேலையை விடமாட்டேன் என்று. "விடச் சொல்லி நான் எங்க சொன்னேன்?" என்றான் அவன். பிறகு கந்தப்பனிடம் போய் நின்றாள்.

"ஐயா, சர்வரை மேட்டூர்ல இருந்தே பாத்துக்கலாங்க. வாரத்துல ஒரு நாள் நேர்ல வந்துருவேன். ராஜஸ்தான் ரிக்கை இங்க இருந்துதானே பாக்கறேன்? அதே மாதிரிதாங்க."

கந்தப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, "பாக்கலாஞ் சாமி" என்றார். இந்த வட்டாரத்தில் 'பாக்கலாம்' என்றால் சரி என்றும் அர்த்தம், மாட்டேன் என்றும் அர்த்தம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடப்பாள்?

போதாக்குறைக்கு முதலாளி மகன் குணசீலன். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். "அப்பா, கல்யாணமாகி அவங்க போயிருவாங்க. சொந்த சர்வரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெளிய மெயில் வாங்கிக்கலாம். அதுக்கு அட்மினே தேவையில்லை" என்று ஜெர்லின் காதுபடவே சொன்னான். கந்தப்பன் அதற்கும் "பாக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்வதாகப் பேச்சு.

அதற்கு முந்தின ஞாயிறு சேலத்தில் ஜெர்லினுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கந்தப்பனும் அவர் மனைவி பாவாயியும் அதைக் கேட்பதற்கென்றே காரில் வந்து, கோயிலில் கடைசி வரிசையில் வெள்ளையும் சொள்ளையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்லின் மட்டும் கோயிலில் இல்லை, வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து பிரியாணிக்கு வந்து உட்கார்ந்ததும் கந்தப்பனுக்கு ஆயிரம் சந்தேகம்.

"அது என்னுங்க, சாமியார் இன்னார் மவனுக்கும் இன்னார் மவளுக்கும் கல்யாணம்னு படிச்சுப்போட்டு, யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா வந்து சொல்லோணும்னாரு?"

"அதாங்க ஓலை. மூணு ஞாயித்துக்கெழமை வாசிப்பாங்க. தடை ஏதாச்சும் இருக்கறது தெரிஞ்சா சாமியார்கிட்டப் போயி சொல்லிரணும். மூணு ஓலையும் முடிஞ்சா எந்தத் தடையும் இல்லைன்னு அர்த்தம்" என்றாள் இசபெல்லா.

"ஜெர்லினைக் கோயில்ல காணமே?"

"தன்னோட ஓலையைப் பொண்ணு தன் காதால கேக்கக் கூடாதுங்க. எங்க வீட்டு வழக்கம்."

"அட, இதல்லவா முறை!" என்றார் கந்தப்பன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இன்னொரு துண்டு கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காருக்குப் போகும்போதும் பாவாயியிடம் அதையேதான் பேசிக்கொண்டு போனார். ஜெர்லின் அதைக் கேட்டாள். கேட்டும் ஒன்றும் தோன்றவில்லை அவளுக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜெர்லின் தயிர்த் தூக்கை அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் தனப்பிரியா பக்கத்து மேஜை. கந்தப்பனுக்கு அண்ணன் மகள். ஜெர்லினுக்கு உற்ற தோழி. அவள் வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்று ஜெர்லினைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சர்வர் திணறத் தொடங்கியது. ஜெர்லின் வரிசையைத் திறந்து பார்த்தாள். போகக் காத்திருக்கும் மெயில்கள் வழக்கமாக ஐந்தாறு நிற்கும். இப்போது திரை உருண்டுகொண்டே இருந்தது. திருவிழாக் கூட்டம் மாதிரி முட்டி மோதிக்கொண்டு நின்றன. எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். ராஜஸ்தான் கேம்ப், சத்தீஸ்கர் கேம்ப், ஸ்டோர், ஒர்க்ஷாப், வாட்ச்மேன் முதற்கொண்டு. இருநூறு பேருக்கு மேல். ஒவ்வொருவர் போட்ட பதிலும் இருநூறு பேருக்கும் போகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் மாலை போட்ட அத்தனை ரிக்குகளும் முழு அளவில் நிற்கின்றன.

தலை எங்கே இருக்கிறது என்று பிடித்துக்கொண்டே போனாள். முதல் மெயில் கந்தப்பன் போட்டது. அந்த மனுஷர் தன் வாழ்நாளில் மொத்தக் கம்பெனிக்கும் ஒரு மெயில் போட்டதில்லை. பெறுகிறவர்கள் பட்டியலைப் பார்த்தாள். அத்தனை பேர் முகவரியும் ஒவ்வொன்றாக, சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரி, ஒருவரையும் விடாமல் இருந்தது. கோவிச்சுட்டுப் போனவங்ககூட இருந்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் இல்லை.

ஜெர்லின் இல்லை.

மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தை யாரோ பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். முடிவு எடுத்தாயிற்று, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை. அப்படித்தானே இருக்கும்? சாயங்காலம் கூப்பிட்டு, "நல்லபடியாப் போயிட்டு வா சாமி" என்று ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"தனா, உங்க சித்தப்பா எல்லாருக்கும் ஏதோ மெயில் போட்டிருக்காரே, என்ன அது?"

தனப்பிரியா திரும்பவில்லை. "எனக்கு என்ன தெரியும் புள்ள? நான் ஜிஎஸ்டி பாத்துட்டிருக்கறேன்."

திரையில் சேலை விற்கும் பக்கம் திறந்திருந்தது. ஜெர்லினுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய விரல் போய் விசைப்பலகையில் நின்றது. ஒரு வரி. தட்டினால் கந்தப்பனின் மெயில் அப்படியே திரையில் விரிந்துவிடும். இது வேலை சம்பந்தப்பட்டதுதானே, கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டாமா என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. பாதி வரியைத் தட்டியும் விட்டாள். பிறகு அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாக நிற்பது ஞாபகம் வந்தது. தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். வேலை போனாலும் போகட்டும், இந்தக் கழுதை சர்வரை மட்டும் நம் கையில் சாகவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து சர்வர் அறைக்குப் போனாள்.

குணசீலன் சர்வர் அறை வாசலில் நின்றான். "என்னங்க, மெயிலே போகமாட்டேங்குது. இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், வெளிய வாங்கிக்கலாம்னு."

"போகும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தயிரைக் கொட்டிராதீங்க" என்றாள் ஜெர்லின்.

மாலை போட்ட ரிக்குகள் டிஸ்க்கில் இடத்தையெல்லாம் அடைத்துவிட்டிருந்தன. வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்கிவைக்கவே இடமில்லை. தேவையில்லாத பழைய பதிவுகளை அழித்துக் கொஞ்சம் மூச்சுவிட இடம் பண்ணினாள். உள்ளுக்குள்ளே சுற்றும் மெயில்களையெல்லாம் ஒரு ஓரமாக நிறுத்திவைத்தாள், ஒன்றைக்கூட அழிக்கவில்லை. அப்படியும் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. எங்கேயோ ஓட்டை இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அப்போது தீர்த்தகிரி போன் செய்தார்.

"ஏனுங் ஜெர்லின், நம்ம குமரன் நல்லா இருக்கானுங்களா?"

"யாருங்க, கோவிச்சுட்டுப் போன குமரனா? எனக்குத் தெரியாதுங்களே. ஏன்?"

"இல்லீங்க, காலைல இருந்து அவன் எனக்கு மெயில் போடறான், 'நான் இப்போ கம்பெனியில் இல்லை'ன்னு. ஒரு மனுசன் சொன்னா பதில் சொல்லாம இருக்கறது மருவாதியா? 'அதனால என்ன கண்ணு, நல்லாருக்கறயா'ன்னு போட்டேன். மறுக்காவும் 'நான் கம்பெனியில் இல்லை'ங்கறான். 'சரி கண்ணு, கோவத்தை உடு'ன்னு போட்டேன். மறுக்காவும் அதையேதான் சொல்லறான். இன்னும் மனசு ஆறலை போலிருக்குதுங்க."

ஜெர்லின் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வேலை போகப்போகிறது, கண்ணில் தண்ணீர், ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. தீர்த்தகிரி ஒருவர் மட்டுமா? சத்தீஸ்கர் கேம்ப்பிலும் இதே கதையாகத்தான் இருக்கும். சர்வர் தானாகப் போடும் பதிலுக்கு இருநூறு பேரும் மரியாதையாகப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் எல்லோருக்கும் போகிற மாதிரி. அந்தப் பதிலுக்கு மறுபடி சர்வர் பதில் போடுகிறது. உலகத்தில் வேறெந்தக் கம்பெனியிலும் மரியாதையாலேயே ஒரு சர்வர் படுத்திருக்காது.

"அண்ணா, அது குமரன் இல்லைங்க. மிஷின். இனிமேப் பதில் போடாதீங்க."

"மிஷினா? நான் கெடாவெட்டுக்கு வாடான்னு கூப்புட்டுப்போட்டேனே!" என்ற தீர்த்தகிரி சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பறமுங்க, உங்க விசயத்துல நான் ஒண்ணு கேட்டுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"என் விஷயத்துல என்ன கேட்டீங்க?"

"ஆத்தாடி, உங்களுக்குத் தெரியக் கூடாதாமே!" போன் வைக்கப்பட்டது.

ஜெர்லினுக்குச் சிரிப்பு அடங்கிப்போனது. ஆக, தன்னைப் பற்றித்தான். சந்தேகமே இல்லை. 'கோவிச்சுட்டுப் போனவங்க' பிரிவின் தானியங்கிப் பதிலை நிறுத்தினாள். கூட்டம் அங்கேயே பாதி கலைந்தது. ஒரு மெயில் இருபது பேருக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டாள். ஓரமாக நிறுத்திவைத்திருந்ததை வெளியூர் மெயில் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டாள். சாயங்காலம் டீ வருவதற்குள் வரிசையில் ஐந்தாறு மெயில்தான் நின்றன. குணசீலன் தன் வெளியூர் மெயில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத் தன் தயிரை எடுத்துக்கொண்டு போனான்.

ஜெர்லின் முகம் கழுவிக்கொண்டாள். 'கோவிச்சுட்டுப் போனவங்க' பிரிவுக்குள் தன் கணக்கைத் தானே எடுத்துப் போடும் நாள் வந்துவிட்டது, வேறு யார் போடுவார்கள் என்று எண்ணிக்கொண்டே கந்தப்பன் அறைக்குப் போனாள். அங்கே ஆபீசே கூடியிருந்தது. பாவாயிகூட வந்திருந்தாள். தனப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மேஜையில் குத்துவிளக்கு எதுவும் இல்லை. லட்டு டப்பா இருந்தது.

"வா சாமி" என்றார் கந்தப்பன். "கேளு. யாருக்கும் ஆட்சேபணை இல்லையாம்."

"எதுக்குங்கய்யா?"

"எதுக்குன்னா? நீ மேட்டூர்ல இருந்து வேலை பாக்கறதுக்குத்தான். நீ கேட்டதும் எனக்குச் சரின்னுதான் பட்டுது. ஆனா நானா முடிவு பண்ணினா நல்லாருக்குமா? பாஸ்வேர்டு மறக்கறது நானா, அவியளா? அதான் உங்க கோயில்ல பாத்த முறைப்படி ஒரு ஓலை வாசிச்சுப்போட்டேன்."

தனப்பிரியாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. தாளில் எடுத்து வைத்திருந்ததை உரக்கப் படித்தாள்: "நம் கம்பெனி ஜெர்லின், கல்யாணத்துக்குப் பிறகு மேட்டூரில் இருந்தபடியே மெயில் வேலை பார்க்க விரும்புகிறார். இதற்குத் தடை ஏதும் இருப்பதாக நினைப்பவர்கள் தெரிவிக்கவும். இது முதல் ஓலை."

"நான்தான் அடிச்சுக் கொடுத்தேன் புள்ள. உன்ற பேரை மட்டும் எடுத்துரச் சொன்னாரு. பொண்ணு தன்ற ஓலையைக் கேக்கக் கூடாதாமில்ல?"

"ஆட்சேபணை இருக்கறவங்கதானே ஐயா பதில் போடணும்?" என்றாள் ஜெர்லின். "இல்லாதவங்க சும்மா இருந்தா போதுமே."

"மொதலாளி ஒரு விசயம் கேக்கறாரு, பதில் சொல்லாம இருந்தா என்ன மருவாதிங்க?" என்றார் வாசலில் நின்ற வாட்ச்மேன். "நான் 'ஆட்சேபணை இல்லீங்க'ன்னு போட்டேன். தனியாப் போட்டா மத்தவிய என்ன நெனைப்பாங்க? இவன் மட்டும் பதில் போடலைன்னு நெனைக்க மாட்டாங்களா? அதான் எல்லாருக்கும் போட்டேன்."

அப்படித்தான் இருநூறு பேரும் போட்டிருக்கிறார்கள். ஆட்சேபணை இல்லீங்க. எங்களுக்கும் ஆட்சேபணை இல்லீங்க. சத்தீஸ்கர் கேம்ப் மொத்தமும் ஆட்சேபணை இல்லீங்க, சமையல்காரர் உட்பட. ஜெர்லின் இல்லைனா யாருங்க எங்க சண்டையைக் கேப்பாங்க? அவள் காலையிலிருந்து மல்லுக்கட்டி ஓரம் கட்டி வைத்த கூட்டம் முழுக்க அவளுக்காக வந்த கூட்டம். ஒன்றையும் படிக்காமலே ஒவ்வொன்றையும் அவள் கையால் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். ஜெர்லினுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது. பாவாயி தண்ணீர் கொடுத்தாள்.

"ஒரே ஒரு ஆளு மட்டும் தடை சொன்னான்" என்றார் கந்தப்பன். "தீர்த்தகிரி. 'மேட்டூர்ல கரண்ட் போச்சுன்னா என்னுங்க பண்ணறது?'ன்னு கேட்டுப்போட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்கய்யா?"

"மாப்பிள்ளை வேலையே கரண்ட் தயார் பண்றதுதான்டா, கூறுகெட்டவனேன்னு சொன்னேன். எல்லாருக்குந்தான் பதில் போட்டேன்."

அறையே சிரித்தது. குணசீலன்கூடச் சிரித்துவிட்டான். "எனக்கும் ஆட்சேபணை இல்லைங்க. போடலாம்னு பாத்தேன், போகலை" என்றான் அசட்டுத்தனமாக. அது போகாததற்கு ஜெர்லின் போட்ட கட்டுப்பாடுதான் காரணம் என்று அவள் சொல்லவில்லை. லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்போ முடிஞ்சுதுங்களாய்யா? நான் மேட்டூர்ல இருந்தே..."

"எங்க முடிஞ்சுது?" என்றார் கந்தப்பன். "மூணு ஓலை வாசிக்கோணுமில்ல? முறைன்னா முறைதான். இன்னும் ரெண்டு இருக்குது. திங்கக்கெழமை ரெண்டாவது."

எடுக்கப்போன இரண்டாவது லட்டை ஜெர்லின் டப்பாவிலேயே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் அவளுக்கு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். அப்போது அவள் வீட்டில் உட்கார்ந்து, கந்தப்பன் மெயிலுக்கு யார் பதில் போட்டாலும் அது கந்தப்பனுக்கு மட்டும் போய்ச் சேரும்படி சர்வரில் மாற்றம் செய்துகொண்டிருந்தாள். ஓலைக்கென்று, இருபது பேர் கட்டுப்பாடு இல்லாமல் தனி வழியும் திறந்துவைத்தாள். அடியில் இருக்கும் படத்தைச் சின்னதாக்கினாள், யாரிடமும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை தயிர்த் தூக்கை வைத்துவிட்டு, தனப்பிரியாவிடம், "உங்க சித்தப்பாவை அனுப்பச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு வெளியே போய், ரிக் ஷெட்டுக்கு அந்தப் பக்கம் காதுக்கு எட்டாத தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜெனிஷுக்குப் போன் போட்டாள்.

"என்ன பண்றே?" என்றான் அவன்.

"ஓலை வாசிக்கறாங்க. நான் கேக்கக் கூடாது" என்றாள் ஜெர்லின்.